செவ்வாய்க்கிழமைப் படம்

போட்டோ புடிக்கிறீங்களாம்மா? புடிங்க, புடிங்க. கேட்டு இப்போதைக்குத் தொறக்காது. நீடாமங்கலம் கேட்டுன்னா சும்மாவா? ஒரு ரயிலு போவும், சரி தொறந்துடுவான்னு நெனப்போம், எதிர்த்தாப்புல இன்னொண்ணு வருதும்பான். இந்த கேட்டுல நின்னு நின்னே எங்க பக்கத்து ஜனமெல்லாம் பொறுமைசாலி ஆயிட்டோம். என்னைத் தவிரன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு. அவரு கெடக்காரு.

நல்லா இருக்கு இல்ல பயிரு? பச்சைப் பசேல்னு. ஒண்ணு சொல்றேன், தப்பா நெனச்சுக்காதீங்க. அடுத்தவங்க வயலைப் படம் புடிச்சா, புடிச்ச கையோட தூன்னு ஒரு தடவை துப்பிடணும். பஸ்ஸு ஜன்னலுக்குக் கீழே ஆளு நிக்கிறாங்களான்னு பாத்துக்கிட்டு. நான் ஒண்ணும் மூடநம்பிக்கைக்காரி இல்லம்மா, பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன். எல்லாம் ஒரு பாதுகாப்புக்குத்தான். ஹெல்மெட்டு போட்டுக்கறதில்லையா?

ஏன் சொல்றேன்னா, போன கார்த்திகையில ஒரு படத்தால எங்க ஊரே அல்லோலகல்லோலப்பட்டுச்சு. புடிச்சது வேற யாரும் இல்ல, நான்தான். இன்னும் யாருகிட்டயும் முழுசாச் சொல்லல. நீங்க எந்த ஊரோ, நான் எந்த ஊரோ. உங்ககிட்ட சொன்னா என்ன?

எம்பேரு தையல்நாயகி. மேலக்கொத்தங்குடி. எங்களுக்கு ஏழு மா நெலம். மூணு மா சேந்தா ஒரு ஏக்கரு, கணக்குப் போட்டுக்குங்க. அதை ஒட்டினாப்புல பதினஞ்சு மா எங்க மச்சாண்டாருது. மச்சாண்டாருன்னா வீட்டுக்காரரோட அண்ணன். பேரு பக்கிரிசாமி. நான் அவரு பேரைச் சொல்லக்கூடாது, பஸ்ஸுல சொன்னா தப்பில்ல.

எங்க வீட்டுல ஒரு வழக்கம். மச்சாண்டாருகிட்ட தம்பி பொண்டாட்டி நேருக்கு நேரா பேசமாட்டா. அவரும் அவகிட்ட பேசமாட்டாரு. அது ஒரு மரியாதை. நான் வாக்கப்பட்டு வந்து இருபத்தாறு வருஷமாச்சு, நேரடியா ஒரு வார்த்தை பேசினதில்ல. அதுக்காகப் பேசாம இருந்தோம்னு நெனச்சுக்காதீங்க! அவரு வாசல்ல வந்து நின்னு தென்னைமரத்தைப் பாத்து, "வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சு, சில பேருக்குத் தெரியல போல" அப்படிம்பாரு. நான் உள்ளேருந்து கோழியைப் பாத்து, "எல்லாம் தெரியும், எங்க தண்ணி எங்களுக்குக் கட்டத் தெரியும், ஹை, போ அந்தாண்ட" அப்படிம்பேன். அவருக்குச் சேர வேண்டிய திட்டையெல்லாம் அந்தக் கோழிங்க வாங்கியிருக்கு, பாவம்.

போன ஆடியில எங்க வீட்டுக்காரரு உர மூட்டையைத் தூக்கறேன்னு போயி முதுகைப் புடிச்சிக்கிட்டு உக்காந்துட்டாரு. மன்னார்குடி டாக்டரு பாத்துட்டு, இடுப்புக்கு ஒரு பெல்ட்டு மாட்டிவிட்டு, ஒரு வருஷத்துக்குக் குனியக் கூடாதுன்னுட்டாரு. குனியாம என்னம்மா விவசாயம்? நாலாம் நாளே மச்சாண்டாரு வந்தாரு. தென்னைமரத்தைப் பாத்தாரு. "ஏழு மாவையும் நானே சேத்துப் பாத்துக்கறேன். வருஷாவருஷம் நெல்லு வீட்டுல வந்து எறங்கிடும். பொம்பளை ஒத்தையா சேத்துல நின்னு அல்லாட வேணாம்" அப்படின்னாரு. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்!

நான் கோழியை ஒரு வாங்கு வாங்கினேன். "ஒத்தையா நிக்கத் தெம்பு இருக்கு, எவரும் அழ வேணாம்"னேன். எங்க வீட்டுக்காரருக்கு நடுவுல நின்னு நின்னு பழக்கம். பெல்ட்டைப் புடிச்சிக்கிட்டே ஒரு பஞ்சாயத்து பண்ணினாரு. இந்த ஒரு சம்பா தையல் பாக்கட்டும். நல்லபடியா வீடு வந்து சேந்துச்சுன்னா நெலம் அவ கையில. பூச்சி, நோயின்னு கெட்டுப்போச்சுன்னா அறுப்பு முடிஞ்சதும் அண்ணன் கையில. மச்சாண்டாரு தலையை ஆட்டினாரு. நானும் உள்ளே நின்னு ஆட்டினேன்.

வெக்கத்தை விட்டுச் சொல்றேம்மா. எனக்கு அவ்வளவு ஆசையா இருந்துச்சு. இருபத்தாறு வருஷமா அந்த வயல்ல நாத்து நட்டிருக்கேன், களை எடுத்திருக்கேன், கட்டு சுமந்திருக்கேன். எந்த நெல்லு விடலாம், எப்பத் தண்ணி கட்டலாம்னு ஒரு நாளு ஒரு பய என்னைக் கேட்டதில்ல. இப்ப நான் சொல்றதுதான் அங்க நடக்கும். அதை விட்டுக் குடுக்க மனசு வருமா?

அப்பத்தான் சகாயமேரி வந்தா. ஸ்கூட்டியில ஊரு ஊரா வர்ற பொண்ணு, விவசாய ஆலோசனைத் திட்டத்துல வேலை பாக்கறா. எம் போனை வாங்கி 'வயல்தோழி'ன்னு ஒண்ணை ஏத்திக் குடுத்தா. மழை வருமா, உரம் போடலாமா, தண்ணியை வடிக்கணுமா, எல்லாத்தையும் அதுக்குள்ளேருந்து ஒரு பொண்ணு பேசும். செவ்வாய்க்கெழமை செவ்வாய்க்கெழமை பயிரைப் படம் எடுத்து அனுப்பணும். இலையைப் பாத்தே என்ன நோயின்னு சொல்லிடும். நல்ல பொண்ணும்மா அந்தப் போன் பொண்ணு, கொரலு அவ்வளவு தன்மையா இருக்கும். அது சொல்லி முடிச்சதும் நான் "சரிம்மா"ம்பேன். "அது மிஷினுடி"ன்னு எங்க வீட்டுக்காரரு சிரிப்பாரு. மிஷினா இருந்தா என்ன, நமக்கு மரியாதை வேணாமா?

ஊருல நாப்பது அம்பது பேரு சேந்தாங்க. மச்சாண்டாரும் சேந்தாரு, சும்மா ஊரோட ஒத்துப் போறதுக்கு. ஆனா நக்கலு இருக்கே! "போனு பேசுதாம், பயிரு கேக்குதாம்"னு தென்னைமரத்துக்குச் சொல்லுவாரு.

ஐப்பசியில மேலுரம் போடற நேரம். வானம் பளிச்சுன்னு இருக்கு, ஒரு பொட்டு மூட்டம் இல்ல. யூரியாவைக் கூடையில கொட்டிக்கிட்டு வரப்புல கால் வெக்கிறேன், போன் பொண்ணு கூப்புடுது. "இன்று மாலை கனமழைக்கு வாய்ப்பு. மேலுரம் இடுவதைத் தள்ளிப்போடவும்." சரிம்மான்னு கூடையைத் தூக்கிக்கிட்டுத் திரும்பிட்டேன். மச்சாண்டாரு வானத்தை அண்ணாந்து பாத்தாரு, என் முதுகைப் பாத்தாரு, பதினஞ்சு மாவுக்கும் வீசு வீசுன்னு வீசினாரு. சாயந்தரம் புடிச்சுது பாருங்க மழை, ராத்திரி பூராவும்! அவரு யூரியா அவ்வளவும் வடிகால்ல போச்சு. மறுவாரம் ரோஷத்துல ரெண்டு பங்காப் போட்டாரு. நான் ஒண்ணும் சொல்லல. கோழிகிட்ட மட்டும் சொன்னேன்.

அதுலேருந்து அவருக்கு என்மேல ஒரு கண்ணு. விடிகாலையில நான் வயலுக்குப் போறதுக்கு முந்தி அவரு என் வரப்புல நடந்துட்டு வந்திருப்பாரு, கால் தடம் இருக்கும். உளவும்மா, உளவு! பயிரு எப்ப சாயும்னு பாத்துக்கிட்டே இருக்கறது. ஒரு நாளு எலி வங்கு, அதான் வரப்புல எலி போட்ட பொந்து, எல்லாத்தையும் களிமண்ணு வெச்சு அடைச்சிருக்கு. இன்னொரு நாளு நான் மறந்து தொறந்து போட்டிருந்த மடையை மூடி வெச்சிருக்கு. அடுத்தவங்க வயல்ல கைவெக்க அவருக்கு என்ன உரிமை? கேக்கணும்னு வாய் வரைக்கும் வரும். கேக்கத்தான் முடியாதே.

கார்த்திகை பொறந்துச்சு. பொன்மணி நெல்லு, தூரு கட்டி நிக்கிது பாருங்க, இடுப்பு ஒசரம். வரப்புல போறவன் வர்றவன் எல்லாம் நின்னு "ஏ அப்பா!"ங்கறான். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாங்க. நான் அதெல்லாம் பெருசா பாக்கறவ இல்ல. சும்மா ஒரு பூசணிக்காய், ஒரு பிஞ்ச செருப்பு, சுண்ணாம்புப் பொட்டு வெச்ச சட்டி ஒண்ணு, எங்க வீட்டுக்காரரு சட்டை போட்ட வைக்கோல் பொம்மை. அவ்வளவுதான் வெச்சிருந்தேன்.

அந்த நேரம் பாத்து சகாயமேரி ஒரு வேலை பண்ணினா. பள்ளிக்கூடத்துல கூட்டம் போட்டு, பெரிய திரையில எம் பயிரோட படத்தைப் போட்டுக் காட்டினா. "பாருங்க, தையல்நாயகி அக்கா வயலு"ன்னா. நாப்பது பேரு சேந்தாப்புல "ஆகா"ன்னாங்க. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு, இல்லேங்கல. ஆனா மறுநாளு காலையில தண்ணி எறைக்கிற மோட்டாரு பொகைஞ்சு போச்சு. இதுக்கு என்ன சொல்றீங்க? பழைய மோட்டாருன்னு எங்க வீட்டுக்காரரு சொல்றாரு. பழைய மோட்டாரு அத்தனை நாளு ஓடலியா?

ஒக்காந்து யோசிச்சேன். பூசணிக்காயைக் கட்டி வெச்சிருக்கேன், செருப்பைக் கட்டி வெச்சிருக்கேன், எதுக்கும் கொறை இல்ல. அப்பறம் எங்கேருந்து கண்ணு பட்டுச்சு? படத்துலேருந்து! போனு இலையை மட்டுந்தானே புடிக்குது, பூசணிக்காயைப் புடிக்கலியே! பூசணிக்காய் வயலோட நின்னுபோவுது, இலை மட்டும் மொட்டையா ஊரெல்லாம் சுத்தி வருது. கொழந்தையை ஸ்டூடியோவுக்குப் படம் புடிக்கத் தூக்கிட்டுப் போனா கன்னத்துல ஒரு பொட்டு வெக்காமயா தூக்கிட்டுப் போறோம்?

அடுத்த செவ்வாய்க்கெழமை விடிஞ்சும் விடியாம மை டப்பாவை இடுப்புல சொருகிக்கிட்டுப் போனேன். வீட்டுல கூட்டின மை, நல்ல வெளக்கெண்ணெய் போட்டது. குனிஞ்சு ஒரு இலையில வெச்சேன். இலை வழுக்கிடுச்சு, பொட்டு ரெண்டு பக்கமும் இழுத்துக்கிட்டு கண்ணு மாதிரி விழுந்துச்சு. அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு. ஒண்ணுக்கு வெச்சா மத்தது என்ன பாவம் பண்ணுச்சுன்னு இன்னும் ரெண்டு இலைக்கும் வெச்சேன். எண்ணெய் கசிஞ்சு பொட்டைச் சுத்தி மஞ்சளா ஒரு கரை கட்டுச்சு. கையால இலையைத் தாங்கிப் புடிச்சிக்கிட்டுப் படம் எடுத்தேன், அனுப்பினேன், நிம்மதியா வீட்டுக்கு வந்து காப்பி குடிச்சேன்.

ஒம்பது மணிக்கு ஊருல இருக்கற அத்தனை போனும் ஒண்ணா அடிச்சுது. டீக்கடையில, ரேஷன் கடையில, தண்ணிக் கொழாய்கிட்ட. எம் போனும்தான். போன் பொண்ணு அதே தன்மையான கொரல்ல சொல்லுது. "உங்கள் பகுதியில் குலைநோய் அறிகுறி. தீவிரம், அதிகம். உடனே வயலைக் கண்காணிக்கவும்." கூடவே படம் வந்துச்சு. யாரு வயலுன்னு போடல. போடாட்டி என்ன? இலையைப் புடிச்சிருக்கற கையில மூணு செவப்பு வளையலும் ஒரு பச்சை வளையலும் பளிச்சுன்னு தெரியுது. ஊருக்கே தெரியும் அது யாரு கைன்னு.

குலைநோயின்னா என்னன்னு தெரியுமாம்மா? கதிரு கழுத்துல புடிச்சா அவ்வளவும் பதருதான். காத்துல பரவும், ஊரையே காலி பண்ணிடும். ஜனம் சும்மா இருக்குமா? வரப்பு பூராவும் ஆளு. மச்சாண்டாரும் வந்து குடையை ஊணிக்கிட்டு நிக்கிறாரு. இப்ப நான் என்ன சொல்றது? பொட்டு வெச்சேன்னு சொன்னா ஊரு வயித்தைப் புடிச்சிக்கிட்டுச் சிரிக்கும். சொல்லாட்டி எம் பயிருக்கு நோயின்னு ஆயிடும், நெலம் போயிடும். ரெண்டு பக்கமும் இடி. "சாயந்தரம் வந்து பாருங்க, பயிரை மிதிக்காதீங்க"ன்னு எல்லாரையும் வெரட்டி விட்டுட்டு, முந்தானையில தண்ணியைத் தொட்டு அந்த மூணு இலையையும் தொடைச்சேன். வெளக்கெண்ணெய் மையாச்சே, போவுமா? அப்பிக்கிச்சு. கிள்ளி எடுத்து மடியில கட்டிக்கிட்டேன்.

மறுநாளு காலையில சகாயமேரி ஒரு அதிகாரியைக் கூட்டிக்கிட்டு வந்துட்டா. நல்ல மனுஷன், வந்ததும் பேண்டை மடிச்சிக்கிட்டு எறங்கிட்டாரு. போனைக் காட்டி, "இந்த மூணு இலை எங்கம்மா?"ன்னாரு. மடியில கனம் இருந்தா வழியில பயம்னு சும்மாவா சொன்னாங்க? மூணே மூணு இலை, மூட்டை மாதிரி கனக்குது. "ஆடு மேஞ்சிருக்குங்கய்யா"ன்னேன். "ஆடு சரியா அந்த மூணு இலையை மட்டுமா மேஞ்சுது?"ன்னாரு. பின்னால நாலு பேரு சிரிக்கிறாங்க. "புள்ளியே இல்லியே, பொய்யா படம் எடுத்து அனுப்பினீங்களா?"ன்னு அவரு மூஞ்சி மாறுது.

அந்த நேரம் பாத்து மச்சாண்டாரு தொண்டையைக் கனைச்சாரு. வானத்துல போற கொக்கைப் பாத்துக்கிட்டே சொல்றாரு, "புள்ளி இருந்துச்சு. நேத்து காலையில நானே எங்கண்ணால பாத்தேன். மேலாப்புல பாத்தா தெரியாது, குனிஞ்சு பிரிச்சுப் பாருங்க. எம் வயலையும் சேத்துப் பாருங்க."

பாத்தீங்களா அநியாயத்தை? எம் பயிருக்கு நோயின்னு அத்தனை பேரு முன்னால சாட்சி சொல்றாரு! எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஏழு மாவையும் அங்கேயே, அந்த நிமிஷமே எழுதி வாங்கிட்ட மாதிரி இருந்துச்சு எனக்கு. ஒரு கோழி கூட இல்ல பக்கத்துல, என்னத்தைச் சொல்ல?

அதிகாரி குனிஞ்சாரு. சகாயமேரி குனிஞ்சா. வந்திருந்த ஜனமும் குனிஞ்சுது. தூரு தூரா பிரிச்சுப் பாத்துக்கிட்டே போறாங்க. என் வயலைத் தாண்டி மச்சாண்டாரு வயல்ல நாலு எட்டு வெச்சிருப்பாங்க, அதிகாரி ஒரு தூரைத் தட்டினாரு. தண்ணி மேல பொலபொலன்னு எள்ளு கொட்டினாப்புல விழுது. விழுந்ததெல்லாம் துள்ளுது. "புகையான்!"ன்னாரு. புகையான் பூச்சியை உங்களுக்குத் தெரியாது. தண்ணிக்கு மேல, தூருக்கு அடியில ஒக்காந்து சாறு உறிஞ்சும். மேல பாத்தா பயிரு ஜம்முனு இருக்கும். பத்து நாளு கழிச்சு வட்டம் வட்டமா தீய வெச்ச மாதிரி காஞ்சு நிக்கும்போதுதான் தெரியும். அப்ப தெரிஞ்சு என்ன பண்றது?

ரெண்டு பங்கு யூரியா போட்ட வயலாச்சே, அவருதுல நெறைய இருந்துச்சு. என்னுதுலயும் ஓரமா இருந்துச்சு. ஊருல அஞ்சாறு பேரு வயல்லயும் இருந்துச்சு. "நல்ல நேரத்துல பாத்தோம்"னு அதிகாரி அங்கேயே நின்னு என்ன செய்யணும்னு சொன்னாரு. அன்னைக்கே எல்லாரும் தண்ணியை வடிச்சோம். எட்டடிக்கு ஒரு எடம் பயிரைப் பிரிச்சு ஒதுக்கி, காத்து போவ வழி விட்டோம். வேப்பெண்ணெய் கரைசலைத் தூருல படறாப்புல அடிச்சோம். ஒரு வாரம் ஊரே வயல்லதான் கெடந்துச்சு. தப்பிச்சுது. பக்கத்து ஊருல பாக்காம விட்டவங்க வயலெல்லாம் பாய் பாயாக் கருகி நின்னுச்சு.

அதிகாரி போவும்போது எல்லாரு முன்னாலயும் என்னைப் பாத்து, "நீங்க ஒரு படம் அனுப்பினதாலதாம்மா ஊரு பொழைச்சுது"ன்னாரு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அடக்கம்னு நெனச்சுக்கிட்டாரு. சகாயமேரி மட்டும் போவல. என் கையைப் புடிச்சா, ஆள்காட்டி வெரலைத் திருப்பிப் பாத்தா. நகத்து ஓரத்துல மை. அவ கண்ணு விரியுது. பொத்துக்கிட்டு வந்த சிரிப்பை அடக்கிக்கிட்டு, "அக்கா, இனிமே படம் எடுக்கறதுக்கு முந்தி இலைக்கு அலங்காரம் பண்ணாதீங்க. மிஷினுக்கு மை தெரியாது, குலைநோயும் அதே மாதிரி கண்ணு வடிவத்துலதான் வரும்"னா. "நம்ம ஊருக்கு வந்த மிஷினு நம்ம ஊரு பொட்டைக் கத்துக்க வேணாமா?"ன்னேன். "சொல்லிப் பாக்கறேன்"னு போனா. யாருகிட்டயும் சொல்லல, தங்கமான பொண்ணு.

ஆனா ஒண்ணும்மா. அந்தப் பொட்டு வெக்காட்டி போனு அலறியிருக்குமா? அதிகாரி வந்திருப்பாரா? புகையான் ஆப்பிட்டிருக்குமா? பொட்டு வேலை செஞ்சுதா இல்லியா, படிச்சவங்க நீங்களே சொல்லுங்க. சிரிக்காதீங்க.

கேட்டு தொறக்கறான் பாருங்க! இருங்க, முடிவைச் சொல்லிடறேன், வண்டி சத்தத்துல கேக்காது, இப்படி வாங்க.

தையில அறுப்பு. மிஷினு எறங்குச்சு. எனக்கு மாவுக்குப் பன்னண்டு மூட்டை. அவருக்கு ஒம்பது. அன்னைக்குச் சாயந்தரமே மச்சாண்டாரு வந்துட்டாரு. பேச்சுப்படி நெலம் எனக்குத்தான். ஆனா சாட்சி சொன்னவராச்சே, நோய் வந்த பயிருதானேன்னு ஏதாவது குறுக்கால பேசினா? கதவுக்குப் பின்னால நின்னேன். அவரு தென்னைமரத்தைப் பாப்பாரு, நான் கோழியைக் கூப்புடலாம்னு இருக்கேன். அவரு மரத்தைப் பாக்கல. நேரா கதவைப் பாத்தாரு.

"தையலு"ன்னாரு.

இருபத்தாறு வருஷத்துல எம்பேரை அவரு வாயால நான் கேட்டதே இல்ல. எங்க வீட்டுக்காரரு பெல்ட்டோட நாற்காலியில நிமிந்து உக்காந்துட்டாரு. நான் வெளியில வந்தேன்.

"நெலம் உங்கிட்டயே இருக்கட்டும். நீ நல்லாப் பாக்கறே, என்னைவிட நல்லாப் பாக்கறே. இன்னொண்ணு. அன்னைக்கு நீ குனிஞ்சு மை வெச்சியே, நான் மடைகிட்ட ஒக்காந்து எலி வங்கு அடைச்சிக்கிட்டு இருந்தேன். பாத்துட்டேன்"னாரு.

நான் ஆள்காட்டி வெரலை முந்தானைக்குள்ள ஒளிச்சுக்கிட்டேன்.

"புள்ளியே இல்லேன்னு சொல்லியிருந்தா அந்த ஆபீசரு உன்னை நிக்கவெச்சு ஏசியிருப்பாரு. ஊரு ஒரு வருஷத்துக்குச் சிரிச்சிருக்கும். எங்க வீட்டுப் பொண்ணைப் பாத்து ஊரு சிரிக்கறதா?"ன்னாரு.

அவரு அன்னைக்கு ஒரே ஒரு வார்த்தை, 'மை'ன்னு சொல்லியிருந்தா போதும்மா. ஏழு மாவும் அவரு கையில. சொல்லல. அதுக்குப் பதிலா அத்தனை பேரு முன்னால பொய் சாட்சி சொன்னாரு, எனக்காக. நான் என்னடான்னா அந்த மனுஷனை ரெண்டு மாசமா மனசுக்குள்ள கரிச்சுக் கொட்டிக்கிட்டு இருந்திருக்கேன். ஆனாலும் உளவு பாத்தது உளவு பாத்ததுதானே? அதை நான் இன்னும் விட்டுக் குடுக்கல.

நேர்ல பேச ஒரு சந்தர்ப்பம் கெடச்சா இதைச் சொல்லணும் அதைக் கேக்கணும்னு இருபத்தாறு வருஷமா எத்தனை சேத்து வெச்சிருந்தேன் தெரியுமா? அத்தனையும் நாக்கு நுனி வரைக்கும் பாடம். ஒண்ணு கூட வரல.

"சாப்ட்டுட்டுப் போங்க"ன்னேன்.

அதுதான் நான் அவருகிட்ட பேசின மொத வார்த்தை. அவருக்கும் கண்ணு கலங்கிடுச்சு, நான் பாத்தேன். அதைக் காட்டிக்குவாரா? "கொழம்பு யாரு வெச்சது?"ன்னாரு.

"உங்க தம்பிதான். நான் களத்துல இருந்தேன்ல"ன்னேன்.

"அப்ப எனக்கு வேணாம்"னாரு. சொல்லிக்கிட்டே துண்டை ஒதறித் தரையில போட்டு, சம்மணம் போட்டு உக்காந்துட்டாரு.